கிறீச்சிடாத வண்டிக்கு மதிப்பில்லை

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவில், சாலையோரச் சாப்பாட்டுக்கடை வாசலில் பழைய மாட்டுவண்டியை வார்னிஷ் அடித்து நிறுத்தி, மேலே பூந்தொட்டி அடுக்கியிருப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த வண்டியின் அருமையெல்லாம் அடியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் ஒன்று கிடக்கிறது. குனிந்து பார்த்தால் விளங்கிவிடும்.

நம் ஊர் வண்டியில் அச்சு அசையாது, சக்கரம்தான் சுற்றும். இங்கே இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. ஆரக்கால் கிடையாது. நடுவில் மியூல் என்கிற தடித்த பலகை, அதன் இருபுறமும் வில்லாக வளைந்த காம்பாக்கள், இடையே பிறை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள். மியூலின் மையத்தில் சதுரத் துளை. அச்சின் நுனியும் சதுரம். அடித்து இறுக்கிவிட்டால் சக்கரம் தனியாகச் சுழல வழியே இல்லை. அதனால் திருப்பத்தில் ஒரு சக்கரம் தேய்ந்து இழுபட்டுத்தான் வரும்.

மேல்தட்டோ அச்சோடு பூட்டப்படவே இல்லை! ஓக் மரத்தில் செய்த இரண்டு பக்கச்சட்டங்கள் முன்பக்கம் குறுகி ஏர்க்காலோடு சேரும். படகைக் கவிழ்த்ததுபோல் ஓர் உருவம். சட்டத்துக்கு அடியில் திரெய்தோய்ரா என்ற கட்டை. அதிலிருந்து இறங்கும் முளைகள் அச்சை இருபுறமும் கவ்விக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆள் சேர்ந்து தூக்கினால் மேல்தட்டு கையோடு வந்துவிடும்.

மர அச்சு அந்த மரக்கட்டையில் உரசும்போது எழும் சத்தத்தைத்தான் இங்கே 'வண்டியின் பாட்டு' என்கிறார்கள். நாம் வண்டிமை போட்டு அடக்குவதை இவர்கள் வேண்டுமென்றே வளர்த்தார்கள். கட்டைக்கு எந்த மரம், முளையை எவ்வளவு இறுக்குவது என்பதில் இருக்கிறது தச்சனின் கைவரிசை. பெரியவர் பிர்ச் மரம்தான் என்று அடித்துச் சொல்கிறார். அடுத்த ஊரில் வேறு சொல்வார்கள், அது வேறு சண்டை.

வீம்புக்காக மட்டும் இல்லை. கொர்ரெதோய்ரா எனப்படும் இங்கத்திய வண்டிப்பாதைகள், இருபுறமும் மேடாகி நடுவில் பள்ளமாகக் கிடப்பவை. ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வருபவனுக்குத் தூரத்திலேயே கேட்டால்தான் அகலமான இடம் பார்த்து ஒதுங்குவான். ஓநாயும் கிட்டே வராதாம். நகரத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, சில ஊர்களில் தடையே போட்டார்கள். எல்லைக்கு வந்ததும் அச்சில் சோப்போ கொழுப்போ தடவிவிட்டு நல்லபிள்ளையாக உள்ளே போவார்களாம்.

டிராக்டர் வந்ததும் எல்லாம் முடிந்தது. ஒரென்சே ஊரைச் சேர்ந்த ஷாக்கின் லொரென்சோ போன்றவர்கள் முன்பே இந்த வண்டிகளை ஆராய்ந்து எழுதிவைத்தது நல்லதாயிற்று. 2004-இல் கலீசிய இலக்கிய நாளை அவர் பெயரில்தான் கொண்டாடினார்கள்.

பெரியவரின் வண்டியில் ஒரு சட்டம் உளுத்துப்போயிருக்கிறது. தோட்டத்தில் வாகாக வளைந்த ஓக் கிளை ஒன்று இருக்கிறதே, வெட்டலாமா என்றேன். ஜனவரித் தேய்பிறை வரட்டும், அதற்கு முன்னால் வெட்டினால் பூச்சி அரிக்கும் என்று சொல்லிவிட்டார்.