வெள்ளிக்கிழமை இரண்டாவது மணி

டொரண்டோவுக்குக் குடிவந்த இரண்டாம் மாதம், வீட்டுக்கு அருகிலிருந்த கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் மகனைச் சேர்க்கப் போனேன். படிவத்தைப் புரட்டிப் பார்த்த அலுவலகப் பெண்மணி, திருமுழுக்குச் சான்றிதழ் எங்கே என்று கனிவாகக் கேட்டார். நாங்கள் முஸ்லிம்கள் என்றேன். பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருந்தால்தான் இங்கே இடம் என்று சொல்லி, பொதுப் பள்ளியின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் குறையில்லை. ஆனாலும் சொந்த வீட்டு வாசலில் நிறுத்தி, நீ யார் என்று கேட்டதைப் போல எனக்கு வலித்தது.

கீழக்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவன் நான். வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய்த் தலைமையாசிரியராக இருந்த ஃபாதரிடம், "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க, மத்தபடி உங்க பிள்ளை" என்று ஒப்படைத்தார். சான்றிதழ் என்று கேட்கப்பட்டது, ஐந்தாம் வகுப்பின் மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும் நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும்.

பூவரச மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் பள்ளி மணி. உப்புக்காற்றில் துருவேறி, சுத்தியல் படுகிற இடம் மட்டும் வெள்ளியாய் மின்னும். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்பாக 12.30-க்கு எங்களை ஜும்ஆத் தொழுகைக்கு அனுப்பிவிட்டு, மற்ற நாள்களில் 1.30-க்கு அடிக்கும் இரண்டாவது மணியை அன்று மட்டும் 2.15 வரை தள்ளி வைப்பார்கள். நாங்கள் வராமல் பாடம் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. தவக்காலத்து வெள்ளிகளில் விடுதிப் பையன்கள் இறைச்சியை விலக்கி ஒருசந்தி இருப்பார்கள். அன்று பார்த்து உம்மா ஆட்டுக்கறி கட்டிக் கொடுத்துவிட்டால், என் பெஞ்சில் இருந்த பாம்பன் பையன், "இன்னைக்குப் போயி இதைக் கொண்டாந்திருக்கியேடா" என்று கலங்கிப்போவான். நான் ரமலான் நோன்பு பிடிக்கும் நாள்களில் அவன் என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடிப்பான்.

அந்த மண்ணின் கதையை வரலாற்று ஐயா வகுப்பில் விரிவாகச் சொல்வார். எங்களுக்குப் பக்கத்து வேதாளையில்தான் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டு, இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் முதல் மறைசாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர், ஆனார். லிஸ்பனில் பிறந்து மறவர் நாட்டுக்கு வந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த ஓரியூருக்கு எங்கள் வகுப்பே சுற்றுலா போனது. அங்கிருந்து நான் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்த செம்மண்ணை உம்மா எறியவில்லை, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

இந்த நாட்டின் நியாயத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கருக்கு தங்கள் பள்ளிகளைத் தனியாக வைத்துக்கொள்ள 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமை இது. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்தப் பள்ளிகளின் செலவு அரசுடையது. நம் ஊரிலும் சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி மதத்தின் பேரால் மட்டும் ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது என்று 29-ஆம் பிரிவும் சொல்கிறது. வாப்பாவுக்கு இந்தப் பிரிவுகள் எதுவும் தெரியாது. ஃபாதரைத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

மகன் பொதுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறான். நானும் ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ஒருநாள் ஸ்டீல்ஸ் சாலையில் பேருந்தில் போகும்போது, ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையைக் கண் 'பிரிட்டோ' என்று படித்துவிட்டது. அருளானந்தரின் குடும்பப் பெயர் அது. திரும்பிப் பார்த்தால் பிரெபோஃப். இங்கத்துப் பூர்வகுடிகளான வெண்டாட் மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் நாட்டிலேயே 1649-இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு. அவர் பெயரால் 1963-இல் தொடங்கிய ஆண்கள் பள்ளி. இங்கே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பிற சமயத்தவரும் சேரலாம் என்று அறிந்தபின், மகனுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாம்பன் பையன் இன்று அதே பள்ளியில் ஆசிரியன். தண்டவாளத் துண்டு போய் மின்சார மணி வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை இரண்டாவது மணி மட்டும் இன்றும் 2.15-க்குத்தானாம். கோடையில் அது இங்கே விடியற்காலை 4.45. சுபுஹுத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது, ஈரக் காலோடு பள்ளிவாசலிலிருந்து பையன்கள் ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.