என்ன செய்யிறது

அந்த அக்கா "என்ன செய்யிறது..." என்று சொல்லி நிறுத்தினார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நடந்தது 2018 இல். அதற்குப் பிறகு எத்தனையோ விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போய்விட்டேன், பாதி ஞாபகத்தில் இல்லை. இது மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. (ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்வியையும் பதிலையும் மாற்றவில்லை.)

கனடாவில் குடிவரவுத் தடுப்பில் இருந்தது அவருடைய தம்பி. தடுப்பைத் தொடர்வதா விடுவதா என்று பார்க்கும் 48 மணித்தியால மீளாய்வு முடிந்து, ஏழு நாள் மீளாய்வும் முடிந்து, இது முதலாவது முப்பது நாள் மீளாய்வு. வீடு மாறியதைத் தம்பி அறிவிக்கவில்லை. பழைய விலாசத்துக்குப் போன கடிதம் கைக்குக் கிடைக்காததால் ஒரு நேர்முகத்தைத் தவறவிட்டார். வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவார் என்பதுதான் எல்லை அதிகாரிகளின் வாதம். அக்கா பொண்ட் (பிணைப் பணம்) கட்ட வந்திருந்தார். 5,000 டொலர். அதில் பாதி சீட்டுக் கழித்து எடுத்த காசு.

காசைக் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். காசு சின்னப் பங்குதான். பிணை நிற்பவருடைய சொல்லை உள்ளே இருப்பவர் கேட்பாரா, கேட்காவிட்டால் பிணை நிற்பவர் என்ன செய்வார் என்பதைத்தான் விசாரணையை நடத்தி முடிவு சொல்லும் குடிவரவுச் சபை உறுப்பினர் தோண்டித் தோண்டிக் கேட்பார். கனடாவில் குடிவரவுத் தடுப்புக்கு இத்தனை நாள்தான் என்று சட்டத்தில் ஒரு உச்ச எல்லை கிடையாது. விடவில்லையென்றால் இன்னும் முப்பது நாள், அதற்குப் பிறகு இன்னும் முப்பது. அந்த வீடுகளில் மாதம் என்பது கலண்டரில் இருப்பதில்லை. மீளாய்வுக்கு மீளாய்வு எண்ணுவதுதான் மாதம். லின்ட்சேயில் உள்ள மாகாணச் சிறைக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் அக்காவுக்கு இருந்தது. அப்போது குடிவரவுக் கைதிகளையும் அங்கே வைத்திருந்தார்கள். மாகாணச் சிறைகளில் அப்படி வைப்பதை ஒன்ராறியோ நிறுத்தியது 2024 ஜூனில்தான்.

சரி, அந்தக் கேள்வி. வெளியே விட்டால் தம்பி அதிகாரிகளிடம் ஒழுங்காகப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், அதைப் பற்றியது.

முதல் தடவை நான் தமிழில் இப்படிக் கேட்டேன்: "உங்கட தம்பி கையெழுத்துப் போடப் போகேல்லை எண்டு வையுங்கோ. நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"அவன் போவான்."

உறுப்பினர் திரும்பக் கேட்டார்.

"அப்பிடி நடக்காது. வேலைக்கு லீவு போட்டிட்டு நானே கூட்டிக்கொண்டு போவன்."

மூன்றாம் தடவை உறுப்பினர் கேள்வியை மாற்றினார். அப்படி நடக்காது என்பது எனக்கு விளங்குகிறது, ஆனால் நடந்தால், தம்பி எங்கே என்று அதிகாரிகளைக் கூப்பிட்டுச் சொல்வீர்களா? நான் தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா மேசையைப் பார்த்தார். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். "என்ன செய்யிறது..." என்றார். குரல் கீழே இறங்கவில்லை, அந்தரத்தில் நின்றது. ஒரு விநாடியோ இரண்டோ. நான் சொன்னேன்: "வாட் கேன் ஐ டூ?"

உறுப்பினர் எதையோ எழுதிக்கொண்டு, வருமானத்தைப் பற்றிய கேள்விக்குப் போய்விட்டார்.

அக்கா சொன்னதில் "நான்" இல்லை. "முடியும்" என்பதும் இல்லை. யார் செய்வது, எப்போது செய்வது எதுவும் இல்லாத பேச்சு அது. செத்த வீட்டில் சொல்வோம், பஸ்ஸைத் தவறவிட்டால் சொல்வோம். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு ஆளை நிறுத்தியாக வேண்டும், நான் அக்காவை நிறுத்தினேன். முடியுமா முடியாதா என்ற கேள்வியையும் நானே சேர்த்தேன். அதைவிடப் பெரியது, அது முடிந்த வசனம் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் "என்ன செய்யிறது" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொன்று வரும். "என்ன செய்யிறது, அறிவிக்கத்தானே வேணும்." அப்படித்தான் அது முடிய இருந்தது என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. அப்படி முடிந்திருந்தால் உறுப்பினர் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான்.

ஆனால் "என்ன செய்யிறது, என்ர தம்பியெல்லோ" என்றும் முடிந்திருக்கலாம். அதுவும் அதே குரலில்தான் வரும். நான் எத்தனையோ தடவை இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சில நாள் முதலாவதுதான் சரி என்று படுகிறது, சில நாள் இரண்டாவது.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். விசாரணை தொடங்கும்போது, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று உறுதிமொழி எடுக்கிறேன். சாட்சி நிறுத்தினால் நான் பேசவேண்டும். நீளமாகப் பேசவிட்டால் பாதி விடுபட்டுப் போகும் என்பது இந்த வேலையில் முதல் பாடம். சொல்லாத மிச்சத்தை ஊகித்துச் சேர்த்திருந்தால் அது பெரிய பிழை. தமிழ் தெரிந்தவர் என்ற உரிமையில் சாட்சிக்கு உதவி செய்கிற மொழிபெயர்ப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் செய்வார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் முழுச் சாட்சியமும் சந்தேகத்துக்குள்ளானதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சேர்க்கவில்லை. அது சரிதான்.

சரிதான், ஆனால் "நான்" என்பதைச் சேர்த்தேனே.

திருத்த வழி இருந்தது. "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல விரும்புகிறார்" என்று, என்னையே மூன்றாம் ஆளாகச் சொல்லிக் கை தூக்கலாம். அந்தப் பதில் முடியாமல் நின்றது, சாட்சியிடம் திரும்பக் கேட்டால் நல்லது என்று சொல்லியிருக்கலாம். அனுமதிக்கப்பட்ட வழிதான். வேறு விசாரணைகளில் செய்திருக்கிறேன். அன்றைக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது, அதற்கடுத்தது வந்தது. தொகைகள், வாடகை, வேலை நேரம். எண்களைத் தவறவிடக்கூடாது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வசனம் பின்னுக்குப் போய்விட்டது.

அது திரும்பி வந்தது முடிவு சொல்லும்போது. உறுப்பினர் வாயால் காரணங்களைச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொல்லவேண்டும். விலாசம் மாறியது ஒன்று, நேர்முகம் தவறியது ஒன்று. மூன்றாவது காரணம் இது. நான் சொன்னேன்: "தம்பி வராட்டில் தன்னால ஒண்டும் செய்யேலாது எண்டு சாட்சி சொன்னவ."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உறுப்பினரை அல்ல, என்னை. அவருடைய வாயிலிருந்து போனது, என் ஆங்கிலத்துக்குள் புகுந்து, அவர் சொல்லாத ஒன்றாகத் தமிழுக்குத் திரும்பி வந்திருந்தது. அப்போதாவது கை தூக்கியிருக்கலாம். உறுப்பினர் நாலாவது காரணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் அவர் பின்னால் போனேன். தம்பி ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்திருந்தார். இன்னும் முப்பது நாள்.

வெளியே நடையில் அக்கா என்னிடம் வந்தார். வழக்குக்காரருடன் கதைக்கக்கூடாது என்பது விதி, நான் கோட்டைப் போட்டுக்கொண்டு அவசரப்படுவதுபோல் நின்றேன்.

"பிள்ளை, நான் அப்பிடியோ சொன்னனான்?"

"நீங்கள் சொன்னதைத்தான் அக்கா சொன்னனான்."

"அப்ப நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன் போல."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. விதியை மறைவாக வைத்துக்கொண்டேன் என்று இப்போது படுகிறது. அவர் அந்தப் பழியையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், அங்கே தாய் ஊரிலிருந்து கோல் எடுத்திருப்பார். என்ன சொல்லியிருப்பார்? "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன் அம்மா" என்றா?

2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்ததையும், அதில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்ததையும் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். இந்தச் சனங்களுக்கு ஒரு வாயாக இருக்கலாம் என்று நினைத்தேன். வாயாகத்தான் இருந்தேன்.

அண்மையில் வேறொன்று மனதில் தட்டியது. இவ்வளவு நாளும் அந்தப் பதிலையே புரட்டிக்கொண்டிருந்தேன், அதற்கு முன்னால் நான் தமிழில் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மூன்றாம் தடவை நான் என்ன சொன்னேன்? "அதிகாரிகளுக்குச் சொல்லுவீங்களோ" என்றா, "சொல்லிக்குடுப்பீங்களோ" என்றா? எனக்கு ஞாபகம் இல்லை. வாய்க்கு எளிதாக வருவது இரண்டாவதுதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. "சொல்லுறது" தகவல். "சொல்லிக்குடுக்கிறது" வேறு. அந்த அக்காவின் வயதுக்காரருக்குச் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று தெரியும். ஆம்பிளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்திக்கொண்டு போவார்கள். தலை ஆடினால் அந்த ஆள் அங்காலே. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணிடம், தம்பியைச் சொல்லிக்குடுப்பாயா என்று நான் கேட்டிருந்தால், அவர் மேசையைப் பார்க்காமல் என்ன செய்வார்? பதிலை நான் வெட்டினேனா, அல்லது கேள்வியிலேயே அவருடைய வாயை அடைத்துவிட்டேனா? ஒலிப்பதிவு ஏதோவொரு கோப்பில் இருக்கும். அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. இருந்தாலும் கேட்பேனோ தெரியாது.

உறுப்பினர் எந்தச் சொல்லில் கேட்டாலும் கேள்வி அதுதான் என்றும் சில நேரம் நினைக்கிறேன். சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான கேள்வி. பிணை என்றாலே அதுதான். ஆனால் உடன்பிறந்தவரை வெளியே எடுக்க வந்தவரிடம், அவரைப் பிடித்துக் கொடுக்கவும் தயார் என்று முதலில் சொல் என்கிறோம். "ஓம், கட்டாயம்" என்று யோசிக்காமல் சொல்கிறவர்களுக்கு விடுதலை கிடைக்கிறது. யோசிக்கிறவர் தடுக்கி விழுகிறார். அந்த யோசனைக்கு நான் இரண்டு விநாடி கொடுத்திருந்தால் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மீளாய்வுக்கு என்னைக் கூப்பிடவில்லை, எனக்குத் தெரிந்த இன்னொருவர் போனார். அன்றைக்கும் விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவரும் காணவில்லை. விட்டிருக்கலாம், திருப்பி அனுப்பியும் இருக்கலாம்.

இப்போது யாராவது குரல் இறங்காமல் நிறுத்தினால் நான் மனதுக்குள் மூன்று எண்ணுகிறேன். கொஞ்சம் வேகமாகச் செய்யச் சொல்லி ஒரு சட்டத்தரணி கேட்டுக்கொண்டார், நான் மாற்றவில்லை. போன வருடம் ஒரு ஐயா மகனுக்குப் பிணை நிற்க வந்தார். காணொளியில்தான் விசாரணை. அதே கேள்வி வந்தது. இந்த முறை நான் "அறிவிப்பீங்களோ" என்ற சொல்லைத் தேடி எடுத்துக் கேட்டேன்.

"தெரியாது..." என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று.

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டன் பிள்ளை. பெத்த பிள்ளையெல்லோ."

சட்டத்தரணி திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. நான் முழுவதையும் சொன்னேன். கடைசியில் நின்ற அந்த "எல்லோ"வுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டுச் சொன்னேன். மகனை அன்றைக்கு விடவில்லை.