தரைக்கு அடியில் ஒரு குழாய்

பர்கூர் பக்கம் எங்கள் மனையில் இரண்டடி தோண்டியதுமே கடப்பாரை பாறையில் மோதியது. கடைக்காலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார் மேஸ்திரி. எனக்கோ ரேடான் நினைவு வந்தது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் கதிரியக்க வாயு, நிறமில்லை, மணமில்லை. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாறை மேல் வீடு என்றாலே ரேடான் அதிகம் என்று அர்த்தமில்லை. குடிபோய் அளந்தால்தான் தெரியும். ஆனால் அப்போது டைல்ஸை உடைத்துக் குழாய் இறக்க என்னால் ஆகாது.

அதனால் தரைக்கு அடியில் சேரும் வாயு வீட்டுக்குள் ஏறாமல் மாடிக்கு மேல் வெளியேற, கட்டும்போதே வழி விட்டேன். முறை எளிதுதான். பேஸ்மெண்டில் கடைசி அடுக்காக மண்ணுக்குப் பதில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. அதற்குள்ளிருந்து மொட்டைமாடிக்கு மேல் வரை நான்கு அங்குல பிவிசி குழாய். ஜல்லிமேல் பாலித்தீன் ஷீட், அதன்மேல் கான்கிரீட்.

கருங்கல் கட்டு எழும்பிய பிறகுதான் மேஸ்திரி கேட்டார்: "தம்பி, அந்த அறைக்கு அடியில் இருக்கிற காற்று இந்தக் குழாய்க்கு எப்படி வரும்?" எனக்கு உறைத்தது. நம் ஊர் வீட்டில் அறைக்கு அறை கல்சுவர் குறுக்கே போகிறது. ஐந்து அறை என்றால் தரைக்கு அடியில் ஐந்து மூடிய பெட்டிகள். நான் பார்த்து வைத்திருந்த அமெரிக்கப் படங்களில் ஒரே தரை, ஒரே பெட்டி. கல்கட்டின் தலையில் ஓடும் பெல்ட் கான்கிரீட்டுக்குக் கீழே கல்லைப் பெயர்த்துக் குழாய்த் துண்டுகளைச் செருகினோம். அந்த ஆழத்துக்கு ஜல்லியும் இறங்க வேண்டியிருந்ததால் ஒரு லோடு கூடுதல்.

ஷீட்டை ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்தோம். சித்தாள்கள் நடந்ததில் ஜல்லி முனை குத்தி ஏழு இடங்களில் கிழிசல். முழங்காலிட்டுக் கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டேன். மேஸ்திரி சிரித்தார்; சிரிக்கட்டும்.

கான்கிரீட் காய்ந்ததும் சுவரோரம் கல்யாணப் பத்திரிகையின் முனை நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டது. வாயு ஏறிவர அந்த வழியே போதும். டைல்ஸ் ஒட்டுமுன் இடுக்கையும் தரையைத் துளைத்து வரும் தண்ணீர்க் குழாய்களின் ஓரங்களையும் சீலண்ட் வைத்து அடைத்தோம்.

இப்போது படுக்கையறையில் அளவிடும் பிளாஸ்டிக் பில்ம் வைத்த சிறு டப்பி மூன்று மாதத்துக்கு இருக்கிறது. கனமீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கெரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் குழாயில் மின்விசிறி பொருத்த வேண்டும். மாடியில் பிளக் பாயிண்ட் விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் அந்தக் குழாயை செப்டிக் டேங்க் குழாய் என்றே நினைக்கிறார்கள். அம்மா அதில் துணிக்கொடி கட்டிவிட்டார்.