ஒரே மின்நூல், கணினிக்குக் கணினி வேறு முகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தை ஒட்டிய எங்கள் வாசகசாலையில் இருப்பதெல்லாம் பழைய கணினிகள். விண்டோஸ் தாங்காது என்பதால் அதற்குப் பதிலாக இலவச இயங்குதளங்கள்: இரண்டில் லினக்ஸ் மின்ட் 19, ஒன்றில் டெபியன். தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன நினைவுகளை ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தட்டச்சு செய்து தந்தார். அதை இபப் (EPUB) என்ற மின்நூல் வடிவத்தில் நூலாக்கியது நான். என் மடிக்கணினியில் மின்ட் 21, மின்நூல் படிக்கவும் திருத்தவும் உதவும் காலிபர் மென்பொருளின் 5.37 பதிப்பு. அதில் குறையே தெரியவில்லை.

வாசகசாலையில் திறந்ததும் சார் கூப்பிட்டார். "தம்பி, தலைப்பெல்லாம் மை ஊறின மாதிரி இருக்கே?"

உண்மைதான். 'கங்காணி வீடு' என்ற தலைப்பில் 'ணி'யின் சுழிகள் அடைத்துப்போய்க் கறுப்பாக நின்றன. டெபியனில் இன்னும் மோசம், வெறும் கட்டங்கள்.

மின்ட் 19இல் இருந்த காலிபர் 3.21. 2019இல் வந்த 4.0 பதிப்பில்தான் நூல் காட்டும் பகுதி க்யூடி வெப்கிட் என்ற பக்கம் காட்டும் நிரலை விட்டு க்யூடி வெப்எஞ்சின் என்ற வேறொன்றுக்கு மாறியது. "அப்ப பழைய பதிப்புதான் கோளாறு" என்று சார் தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கு எழுத்துரு (ஃபான்ட்) மேல்தான் சந்தேகம்.

நூலுக்குள் எழுத்துரு எதுவும் இல்லை. அப்படியிருந்தால் கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். என் மடிக்கணினி எடுத்தது நோட்டோ. அதற்குத் தடித்த எழுத்து தனியாகவே உண்டு. வாசகசாலையில் கிடைத்தது லோஹித் தமிழ். அதில் சாதாரண எழுத்து மட்டும்தான், தலைப்புக்கு மென்பொருளே அதை ஊதிப் பெருக்கிவிடுகிறது. டெபியனில் தமிழ் எழுத்துருவே கிடையாது.

காலிபரைத் தொடாமல் ஒரு மின்ட் கணினியில் நோட்டோவை மட்டும் நிறுவி, அதையே தமிழுக்கு முதலில் எடுக்கும்படி வைத்தேன். சுழிகள் திறந்துகொண்டன. சரி, ஆனால் படிக்கிறவர் வீட்டுக் கணினிக்கெல்லாம் போய் நிறுவ முடியுமா? காலிபரின் நூல் திருத்தியில் நோட்டோவின் சாதாரண, தடித்த கோப்புகள் இரண்டையும் நூலுக்குள்ளேயே சேர்த்து, நூலின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் எழுத்துருப் பெயரையும் கோப்பு இருக்கும் இடத்தையும் எழுதினேன். நோட்டோவின் திறந்த உரிமம் இதற்கு இடம் கொடுக்கிறது. அப்புறம் டெபியன் உட்பட எல்லாவற்றிலும் ஒரே எழுத்து.

பக்கங்கள் மட்டும் ஒத்துவரவில்லை. ஓரத்து இடைவெளி, சன்னல் அளவு, பதிப்பு என்று எது மாறினாலும் பக்கம் நகரும். வாசிப்பு வட்டத்துக்காகச் சார் குறித்து வைத்திருந்த பக்க எண்கள் வீண். அத்தியாயமும் பத்தியும் போடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

காலிபரின் புதிய பதிப்பில் நூல் படிக்கும்போது பொத்தான்கள் கண்ணில் படாது, வலது சொடுக்கினால்தான் வரும். இதையும் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.