முருகைக்கல் மதிலுக்குச் சீமெந்து வேண்டாம்

நெடுந்தீவில் விழுந்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்களைக் கட்டச் சிரமதானத்துக்கு வாறவர்கள் சீமெந்து கொண்டுவரவேண்டாம். அவை சாந்தே இல்லாமல் அடுக்கின மதில்கள். மழைத்தண்ணி இடுக்குகளால் வடிந்துவிடும். சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளுக்குள் அடைபட்டு, கல்லுதான் பொரிந்து உதிரும்.

சரிந்த இடத்தை, அசையாத வரிசை வரும்வரை பிரியுங்கோ. பெரிய கல் அடியில், மதிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முகமாக அடுக்குங்கோ. நடுவில் சிறுகல்லை இறுக்குங்கோ, மண் போடாதேங்கோ. மண்ணில் வேர் பிடித்தால் மதில் வயிறு தள்ளும். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லில் இருக்கவேணும். இடைக்கிடை இரு முகத்தையும் பிணைக்கிற நீளக்கல் கட்டாயம். அதை விட்டால் மாரிக்கு மதில் பிளக்கும்.

கடலில் புதுக்கல் எடுக்கவே கூடாது, விழுந்த கல்லே போதும்.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டின பழைய சுவர்களுக்கு நீற்றின சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. மணலை நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவுங்கோ.