வீல்சேர் அளவெடுக்கும் அறையில் அக்காவும் தம்பியும்

பெங்களூரில் வீல்சேர் அளவெடுத்துப் பொருத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு, டேப்பை எடுக்கும் முன்பே அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று தெரிந்துவிடும். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீங்க?" என்று உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்வார். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் அப்படி நிற்பவர் பெரும்பாலும் அம்மா. அம்மா தளர்ந்துவிட்டாலோ இல்லாமல் போய்விட்டாலோ அந்த இடத்துக்கு அக்கா வருவாள், அண்ணன் வருவான். "அவனுக்கு என்ன சார் தெரியும், எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்." இதில் பாசம் இருக்கிறது, பல வருட உழைப்பு இருக்கிறது, அந்த உழைப்பினால் வந்த நியாயமான பெருமையும் இருக்கிறது.

உட்கார்ந்திருப்பவரிடமும் ஒரு பெருமை உண்டு. "யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்பது அதன் முகம். நல்ல குணமாகவே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது உடம்பில் நடக்கும் கெடுதல் வெளியே வராது. அக்கா முதுகு வலியைச் சொல்ல மாட்டாள். தம்பி புண்ணைச் சொல்ல மாட்டான். எங்கள் வேலையில் கெட்டுப்போகும் காரியங்களில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட, கையால் தள்ளும் வீல்சேருக்கான வழிகாட்டி இந்த வேலையை எட்டுப் படிகளாகச் சொல்கிறது: பதிவு, பரிசோதனை, பரிந்துரை, நிதியும் ஆர்டரும், நாற்காலியைத் தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பின்தொடர்தல். கடைசி இரண்டும்தான் முதலில் விட்டுப்போகும். உடன்பிறந்தவர்கள் இருவரையும் பேசவைக்க வாய்ப்புள்ள படிகளும் அவைதான்.

சீட் அகலத்திலிருந்து தொடங்கலாம். இடுப்பின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு அட்டையை நேராக வைத்து, அட்டைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். சீட் அந்த அளவே இருந்தால் போதும். "ரெண்டு இன்ச் பெருசா போடுங்க, வசதியா இருக்கட்டும்" என்று நிற்பவர் கேட்பார். தன் தம்பிக்கு இறுக்கமாக ஒன்றைக் கொடுக்க மனம் வராது. ஆனால் அகலம் கூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும், இடுப்பெலும்பு கோணும், கை சக்கரத்தை எட்டுவதற்குத் தோள் விரியும், வருடக்கணக்கில் தோள்மூட்டு தேயும். இன்னொன்று, சீட்டைவிட நாற்காலியின் மொத்த அகலம் ஏறக்குறைய 20 செ.மீ. கூடுதல். 40 செ.மீ. சீட் என்றால் வெளி அகலம் 60. இங்குள்ள பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு 2 அடி, மிஞ்சிப் போனால் 2¼ அடி. அந்த இரண்டு இன்ச் கருணையால் தம்பி பாத்ரூமுக்குப் போகும் வழி அடைபட்டுப்போகும். மறுபடி அக்கா தூக்க வேண்டும்.

முதுகுச் சாய்மானத்திலும் இதே கதைதான். கையால் தானே தள்ளுகிறவருக்குச் சாய்மானம் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குக் கீழே நிற்க வேண்டும். உயரமான சாய்மானம் பார்க்கச் சொகுசாக இருக்கும். தள்ளும்போது எலும்பு அதில் இடிக்கும். சீட்டின் ஆழம், பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து 3 முதல் 6 செ.மீ. கழித்தது. கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி பின்சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். இந்த அளவுகளை உட்கார்ந்திருப்பவரிடமே சத்தமாகச் சொல்லி, அவர் கையாலேயே தாளில் எழுதச் சொல்வது நல்லது. எழுத முடியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதலாம். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த அறையில் யாருடைய நாற்காலி என்பது அங்கே நிலைபெறும்.

இனி தூக்குவது. 20க்கு 30 அடி சைட்டில் மூன்று மாடி, வெளியே ஒடுக்கமான படிக்கட்டு, மேலே ஷீட் போட்ட வீடு. வாடகை குறைவு என்று அங்கே குடியிருப்பார்கள். அண்ணன் தங்கையை இரண்டு கையில் ஏந்தி இறக்குவான். தெருவே பார்க்கும், பாராட்டும். அவனுக்கு அது உள்ளூரப் பெருமை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அவன் ஷிஃப்டுக்குப் போனால் தங்கை மேலேயே இருப்பாள். இப்படி வருபவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பது. அண்ணன் காலையில் போய் இரவு வருகிறான், பாத்ரூமுக்கு அவன்தான் தூக்க வேண்டும் என்றால், அவள் பகலில் வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தொந்தரவு பண்ணக் கூடாது என்ற ரோஷம் அது.

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இது நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், கிருமி தங்கும், கல் சேரும். தானே கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய்) போட்டு எடுப்பவர்கள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மி.லி. தாண்டினால் சிறுநீர்ப்பை அளவுக்கு மேல் விரிகிறது, இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று பொருள். உணர்வு இல்லாத உடம்பில் எரிச்சல் தெரியாது. கால் வழக்கத்தைவிட அதிகம் வெட்டி இழுப்பது, சிறுநீர் கலங்குவது, நாற்றம், காய்ச்சல், இவைதான் அறிகுறி. தண்டுவடத்தில் நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, முதலில் சிறுநீர்ப்பையைக் காலியாக்க வேண்டும்; டியூப் இருந்தால் மடங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை அது. இது அண்ணனுக்கும் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும்.

தூக்குவதற்கு மாற்று, சறுக்கும் பலகை. 18 மி.மீ. பிளைவுட், நீளம் 60 முதல் 70 செ.மீ., அகலம் 20 முதல் 25 செ.மீ., ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, வார்னிஷ் அடித்தது. கார்பெண்டர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். நாற்காலியைக் கட்டிலுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிறுத்தி, பிரேக் போட்டு, கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, பலகையின் ஒரு முனையைத் தொடைக்குக் கீழே செருகி, மறுமுனை கட்டிலில் நன்றாகப் படிந்ததா பார்த்துவிட்டு, கைகளை ஊன்றிச் சிறிது சிறிதாக நகர வேண்டும். இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு நகர்வுக்கும் எடையைக் கையில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரசிக் கிழியும். கட்டில் சீட்டைவிட உயரமாக இருந்தால் ஏறுவது மிகவும் கஷ்டம், கட்டிலின் கால்களை அறுத்துச் சமமாக்க வேண்டும். டயரில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது. பிரேக்கின் கட்டை டயரை அழுத்தித்தானே நிறுத்துகிறது. பாதி நகர்ந்த நிலையில் நாற்காலி பின்னால் விலகி விழுபவர்கள் பெரும்பாலும் இதனால்தான். முன் சக்கரத்தின் அச்சில் தலைமுடி சுற்றிக்கொள்ளும், வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும்.

பலகைப் பயிற்சியின்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் சந்தோஷம் இருக்காது. "நான் தூக்குறதுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பான். அவனை அறையை விட்டு அனுப்புவது தவறு. முன்னால் குந்தி உட்கார்ந்து தங்கையின் முழங்காலைத் தன் முழங்காலால் அணைத்துப் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்க வேண்டும். முன்னே சரியாமல் தடுப்பவன் அவன், நகர்வது அவள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை மட்டும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். தளர்ந்த தோள் அதில் கழன்றுவிடும். இரண்டு மூன்று வாரம் பிடித்தபின் அவன் கையே தானாக விலகும். அவன் பெருமை அப்போதும் குறைவதில்லை. "என் தங்கச்சி தானே மாறி உட்காருவா" என்று அதைப் பிறரிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

படுக்கைப்புண் விஷயத்தில் ரோஷத்தின் விலை எல்லாவற்றையும்விட அதிகம். அம்மா இருந்தவரை பின்புறத்தைப் பார்த்துக்கொண்டது அம்மா. அதன்பின் தம்பி அக்காவிடம் காட்ட மாட்டான், தங்கை அண்ணனிடம் காட்ட மாட்டாள். காட்டக் கூசுவதைக் குறை சொல்ல முடியாது, அது மனித மானம். அதனால் நீளக் கைப்பிடியுள்ள கண்ணாடி ஒன்று வாங்கித் தர வேண்டும். காலையும் இரவும் வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்புப் பக்கம், குதிகால், இத்தனையையும் அவரே பார்க்கலாம். கண்ணாடி எட்டாவிட்டால் மொபைலில் படமெடுத்துப் பார்த்து அழித்துவிடலாம். பாரத்தை எடுத்த பிறகும் அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு புண்ணின் முதல் நிலை; கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மறுபடி உட்காரக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். குஷனைச் சோதிக்க, உட்கார்ந்தபின் உட்காரும் எலும்புக்கு நேர்கீழே குஷனுக்கு மேல் விரல்நுனிகளை நுழைக்க வேண்டும். விரல் மேலும் கீழும் 5 மி.மீ. அசைந்தால் சரி. அசையாமல் மாட்டிக்கொண்டால் அந்த குஷன் ஆகாது. துவைத்தபின் உறையைத் திருப்பிப் போட்டு, உட்காரும் எலும்பு பதிய வேண்டிய குழிவு முன்பக்கம் வந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பின்பக்கம் எது என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

தள்ளும் பிடியைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. தானே தள்ளத் தெரிந்தவருக்கு மடக்கக்கூடிய பிடிதான் வேண்டும். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் அறிமுகமில்லாதவர்கள் கேட்காமல் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்; அண்ணனும் பழக்கத்தில் அதைச் செய்வான். பிடி மடங்கியிருந்தால் கேட்டுத்தான் தொட முடியும். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும், நடைபாதையிலிருந்து இறக்கும்போதும் பின்சக்கரம்தான் முதலில். தொடங்குமுன் "இறக்கறேன்" என்று சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொடுப்பவர் பயிற்சியாளராக இல்லாமல் தங்கையாகவே இருந்தால் நல்லது. அண்ணனுக்கு அவள் கட்டளை கொடுக்கும் முதல் சந்தர்ப்பமாக அது பல வீடுகளில் அமையும்.

சாய்தளம் கேட்டு வருபவர்களுக்கு ஒரு கணக்கு: உயரம் 1 என்றால் நீளம் 12. வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர், அதாவது 18 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 20 அடி முகப்பில் தெருவை நோக்கி நீட்ட முடியாது, சுவரோடு பக்கவாட்டில் ஓட்டினால் இடம் பிடிக்கலாம்.

காகிதங்களில் பெருமை இன்னும் மறைவாக வேலை செய்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்குச் செலவு செய்பவருக்குப் பழைய வரிமுறையில் 75,000 ரூபாய் கழிவு தந்தது; 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் 1,25,000. சகோதர சகோதரிகளும் அதில் அடக்கம். ஆனால் மாற்றுத்திறனாளி தன் பெயரிலேயே, அதே சட்டத்தின் 80யு பிரிவில் கழிவு எடுத்திருந்தால் அண்ணன் 80டிடி எடுக்க முடியவில்லை. தங்கை டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியபின் அண்ணனின் கணக்கில் அவள் இன்னும் "சார்ந்தவர்" என்று இருப்பதை அவளே தற்செயலாகப் பார்ப்பாள். பணத்துக்காக வராத மனக்கசப்பு அந்த ஒரு சொல்லுக்காக வரும். வருடா வருடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, யார் எதை எடுப்பது என்று பேசிவிட வேண்டும்.

"நான்தானே கார்டியன்" என்று சொல்லும் அண்ணன்கள் உண்டு. கால் நடக்காத, புத்தி தெளிவான பெரியவருக்கு கார்டியன் தேவையே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொத்து வைத்துக்கொள்வதும் பணத்தை நிர்வகிப்பதும் அவருடைய உரிமை என்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ள 18 வயது தாண்டியவர்களுக்கு, தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுப்பது நல்லது. எடுக்கும்போது சம்பந்தப்பட்டவரும் அந்த அறையில் இருக்க வேண்டும், வேறு அறையில் டிவி முன்னால் அல்ல.

நாற்காலி கொடுத்து ஆறு வாரத்துக்குள் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். அவளிடம்: நேற்று எத்தனை டம்ளர் தண்ணீர், கண்ணாடியில் கடைசியாக எப்போது பார்த்தாய், தனியாக எதுவரை போனாய். அவனிடம்: முதுகு எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது நண்பர்களோடு வெளியே போனாய், அவளுக்கு உன்னால் செய்ய முடியாதது எது. இரண்டாவது பட்டியலைப் பலரும் கேட்பதில்லை. கேட்டால் முதலில் "எனக்கென்ன சார், நல்லா இருக்கேன்" என்பான். கொஞ்ச நேரம் நாற்காலியின் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டே காத்திருந்தால் பேசுவான்.