ஒட்டுப்பால் நோட்டு

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2024 ஆகஸ்டில் திருட்டு ஒட்டுப்பால் என்று மனசுக்குத் தெரிந்தே நாலு கிலோ வாங்கினேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜங்ஷனில், ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் நல்லமிளகும் எடுக்கிற கடை என்னுடையது. வீட்டுக்காரர் போன பிறகு தராசு என் கைக்கு வந்தது. ரப்பர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் மரத்தின் பட்டையைச் சீவி (அதைத்தான் வெட்டு என்போம்), பாலெடுத்து, உறையவைத்து ஷீட் அடிப்பார்கள். பாலெடுத்த பிறகும் மரம் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அது மரத்தில் கட்டின சிரட்டையிலேயே கட்டிப்போகும், வெட்டின சாலில் நாடா மாதிரி ஒட்டிக்கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் காசு. ஷீட்டைத் திருடவேண்டுமென்றால் அதைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைப்புரையின் பூட்டை உடைக்கவேண்டும். ஒட்டுப்பாலுக்கு ஒரு உரச்சாக்கும் பத்து விரலும் போதும்.

அந்த ஆகஸ்டில் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. 2011-க்குப் பிறகு அப்படி ஒரு விலையை நான் பார்க்கவில்லை. ஷீட் ஏறினால் ஒட்டுப்பாலும் ஏறும். ஒட்டுப்பால் ஏறினால் ஊரில் சிரட்டைகள் காலியாகும்.

சாக்கோடு வந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். அவன் வீட்டில் ஒரு முருங்கையும் இரண்டு வாழையும் உண்டு, ரப்பர் கிடையாது. "எங்க உள்ளது மக்ளே?" என்று கேட்டேன். "மாமாவுக்க விளையில உள்ளது மாமி" என்றான். விளை என்றால் தோட்டம். எந்த மாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நானூறு ரூபாய்ச் சரக்கை எதிர்க்கடைக்கு விட மனசில்லை.

மறுநாள் காலையில் மேலவிளை அத்தை வந்தார்கள். எழுபது தாண்டியவர், இரண்டு மகன்களும் வெளிநாடு, தனியாக இருக்கிறார். நாற்பது மரத்துச் சிரட்டையும் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுதார்கள். உள்ளே மூலையில் அந்தச் சாக்கு இருந்தது. நான் சாயா வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க அத்தை" என்றேன். "நாலு கிலோ ஒட்டுப்பாலுக்கு நாலு நாள் நடக்கவா? பெறவு அந்தப் பய வந்து எங்கிட்ட என்னத்துக்கு கம்ப்ளைன்ட் குடுத்தேன்னு கேப்பான். ராத்திரி வீட்டுல நான் ஒத்தைக்கில்லா கிடக்கேன்" என்றார்கள். எங்கள் ஊரில் எல்லாருடைய பதிலும் இதுதான். தேங்காய்க்குலை போனாலும், கிணற்று மோட்டாரின் செம்புக்கம்பி போனாலும் இதே பதில். அதனால் ஸ்டேஷன் கணக்குப்படி எங்கள் ஊர் ரொம்ப நல்ல ஊர்.

அப்போது எங்கள் பக்கம் பீட் வந்துகொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், குருசடியில் (சிலுவை வைத்த சின்னக் கோயில்) மாட்டியிருக்கும் பட்டா புக்கில், அதாவது ரோந்து வந்ததற்கான நோட்டில், கையெழுத்துப் போட்டுவிட்டு என் கடை பெஞ்சில் உட்காருவார். சாயாக் காசு கொடுத்துவிடுவார். (இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.) மூன்றாம் நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சாக்கு உட்பட.

அவர் கோபப்படவில்லை. "தெரிஞ்சே திருட்டுச் சரக்கு வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம், தெரியுமாக்கா?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் சட்டத்தை விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்கு, முதல் தடவை மாட்டுகிறவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நாலு கிலோவுக்காக ஒரு பையன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பினால் நாற்பது கிலோ திருடுகிறவனாகத்தான் வருவான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 5,000-க்குக் குறைந்த திருட்டில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மேலவிளை அத்தை பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போவார்களா? ஒட்டுப்பால் திருடுகிறவன் ஒரு தடவையில் ஐயாயிரத்துக்கு ஒருநாளும் எடுக்கமாட்டான். அவனுக்குச் சட்டம் தெரியாது, சாக்கின் அளவு தெரியும்.

"அதனால கடையில நிறுத்துங்கக்கா" என்றார் அவர். "விக்க எடம் இல்லேன்னா எவன் எடுப்பான்? ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, பேரு, எத்தனை கிலோ, எந்த விளை, யாரு வெட்டு. பேரு சொல்லாதவனுக்கு ரூபா கிடையாது."

போட்டேன். அத்தைக்கு நாலு கிலோவின் காசைக் கொடுத்து, ஏன் என்பதையும் சொன்னேன். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. ஜங்ஷனில் மூன்று கடை. போலீஸ்காரர் மூன்றிலும் சொன்னார், இரண்டில் நோட்டு வந்தது. மூன்றாமவர் "நான் வியாபாரியா, வி.ஏ.ஓ.வா?" என்று கேட்டார்.

அந்தப் பையனை அவர் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் அவன் அம்மா முன்னால் அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவன் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு பைக்கை முறுக்குகிறான், ஹெல்மெட் இல்லாமல்.

சானல் (வாய்க்கால்) கரை விஷயத்தில் அவராலும் ஒன்றும் முடியவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் படித்துறையில் குடி. காலையில் துணி துவைக்கப் போகிற பெண்களின் காலில் பாட்டில் சில்லு. எனக்கும் ஒரு தடவை குதிகாலில் ஏறி மூன்று தையல். அவர் மூன்று நாள் வந்து விரட்டினார், நாலாம் நாள் அக்கரைக்குப் போய் உட்கார்ந்தார்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் பழைய சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 10 ரூபாய், கேட்டதும் சிரித்துவிட்டேன். புதியதில் 1,000 ரூபாய் வரை, அல்லது சமூக சேவை. என்னைக் கேட்டால் அபராதமே வேண்டாம். காலையில் ஆறு மணிக்கு வந்து படித்துறையில் சில்லு பொறுக்கட்டும், நாங்கள் துவைத்துக்கொண்டே பார்க்கிறோம்.

ஊரில் பணம் பிரித்து ஜங்ஷனில் கேமராவும் வைத்தோம். அது ஜங்ஷனை நன்றாகப் பார்க்கும், பஸ்ஸுக்கு நிற்கிற எங்களை. திருட்டு நடக்கிற ரப்பர் தோட்டத்தில் பகலிலேயே இருட்டு. இரண்டு மழை கழிந்ததும் கேமராவில் எட்டுக்காலி வலை கட்டிவிட்டது.

நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதோடு ஐயப்ப சீசன். பிறகு சுசீந்திரம் தேர், சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை. பந்தோபஸ்து, பந்தோபஸ்து என்று அவர் வருவது வாரம் ஒன்றாகி, அதுவும் நின்று, ஒருநாள் மாறுதலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். திருவிழாக் காலண்டர் போலீஸுக்குத் தெரிவதைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவர் பைக்கை அணைக்காமலேயே பட்டா புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, எத்தனை ஊருக்கு அவர் ஒருவர் என்று யாருக்குத் தெரியும்.

நோட்டை நான் நிறுத்தவில்லை. இப்போது மூன்றாவது நோட்டு, நூறு பக்கம்.

நேற்று ஒருவர் பதினோரு கிலோ கொண்டுவந்தார். தராசில் ஏற்றிவிட்டுப் பேனாவை எடுத்தேன். "பேரு என்னத்துக்கு?" என்றார். "எழுதணும் அண்ணே" என்றேன். சாக்கை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே நோட்டு கிடையாது.